மாணவர் அம்பேத்கர்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றி எழுதுவதென உடனே முடிவு செய்தோம். அவரைச் சட்ட மேதையாகவும், அரசியல் தலைவராகவும், பௌத்தம் தழுவிய பெருமகனாகவும் எழுதியோர் பலர். நாம் எழுதப் புகுவது வேறு. பள்ளியிலும் கல்லூரியிலும் மாணவராய் அமர்ந்திருந்த அம்பேத்கரைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம். தேர்வுக்கு அவர் எங்கே அமர்ந்து படித்தார், எந்நேரத்தில் படித்தார், யாருடைய நூல்களைக் கொண்டு படித்தார் என்பனவே நம் பொருள்.

இதற்குக் காரணம் உண்டு. நம் மாலைப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர், சுவரிலுள்ள அண்ணலின் படத்தைக் கண்டதும் கைகூப்புகின்றனர். அடுத்த கணமே, அவர் பிறவி மேதை, நம் பிள்ளைக்கு அதெல்லாம் வருமா என்று பெருமூச்செறிகின்றனர். இதைப் பன்முறை கண்டு வருந்தியிருக்கிறோம். வணங்கத்தக்கவர் என உயரத்தில் ஏற்றிவைத்து, பின்பற்ற இயலாதவர் என ஒதுக்கிவிடுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே என்பது நம் கருத்து. அவருடைய மாணவப் பருவத்தை உற்று நோக்குவார்க்கு அங்கே பிறவி மேதை எளிதில் அகப்படார். அகப்படுபவர் நம் தெருப் பிள்ளைகளைப் போன்ற ஒரு சிறுவரே.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் ஊரில், மகர் குலத்தில், இராம்ஜி சக்பால் - பீமாபாய் இணையரின் பதினான்காம் மகவாகப் பீமராவ் பிறந்தார். தந்தை இராணுவத்தில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். அன்னையார் மகனின் இளம் பருவத்திலேயே மறைந்தார். அத்தை மீராபாய் வளர்த்தார். 1900ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சதாராவின் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர் பெயர் பதிவாயிற்று. மகாராட்டிரத்தில் இந்நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

பள்ளியில் அவர் பட்ட இழிவுகள் யாவரும் அறிந்தவையே. சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். வீட்டிலிருந்து தாமே கொண்டுவரும் சாக்குத் துண்டை மூலையில் விரித்து அதன்மேல் அமரவேண்டும். தாகமெடுத்தால் ஏவலாள் வந்து உயரத்திலிருந்து நீர் வார்க்கவேண்டும். ஏவலாள் வராத நாளில் தண்ணீரும் இல்லை. பின்னாளில் சமஸ்கிருதம் பயில விரும்பியபோது அதுவும் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயில நேர்ந்தது.

இவ்வளவு இன்னல்களுக்கிடையே அச்சிறுவர் இரவும் பகலும் நூலும் கையுமாய் இருந்தார் என்று எழுதுவோமாயின் அது பொய்யுரை ஆகும். பீமராவ் அக்காலத்தில் படிப்பில் நாட்டமற்றவர், விளையாட்டில் பெருவிருப்புடையவர், சண்டைக்கும் அஞ்சாதவர். தந்தையார் மறுமணம் செய்துகொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. தந்தையின் சோற்றில் இனி வாழ்வதில்லை, பம்பாய்க்கு ஓடிப்போய் ஆலையில் கூலியாகச் சேர்ந்துவிடுவது என்று துணிந்தார். சதாராவிலிருந்து பம்பாய்க்குப் பல சிறுவர்கள் ஆலை வேலைக்குச் செல்வதை அவர் கண்டிருந்தார். ஆனால் இரயில் கட்டணத்துக்குக் காசு வேண்டுமே! அத்தையார் இடுப்பில் செருகியிருக்கும் பணப்பையைத் திருடுவதென முடிவு செய்தார். இரவில் அத்தையின் பக்கத்திலேயே படுப்பவர் ஆதலால் அது எளிதென எண்ணினார். மூன்று இரவுகள் முயன்றும் கைகூடவில்லை. நான்காம் இரவு பை அகப்பட்டது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அரையணா! அரையணாவைக் கொண்டு பம்பாய் போவதெங்ஙனம்?

இச்செய்தியை அண்ணலே பிற்காலத்தில் மறைக்காமல் கூறியிருக்கிறார். பையைப் பார்த்த அவ்விரவில் அவருக்குத் தம்மீதே நாணம் ஏற்பட்டது. ஓடிப்போகும் எண்ணத்தைக் கைவிட்டார். தந்தையைச் சாராமல் சொந்தக் காலில் நிற்பதற்குக் குறுக்கு வழி இல்லை, படித்துத் தேர்வுகளில் விரைந்து தேறுவதொன்றே வழி என்று தெளிந்தார். அன்றுமுதல் சோம்பலையும் வீண் பழக்கங்களையும் விட்டொழித்தார். அவர் ஆசிரியர்கள், பையனைப் படிக்க வையுங்கள் என்று தந்தைக்குப் பரிந்துரைக்கும் அளவுக்கு மாறுதல் ஏற்பட்டது.

நாம் இதனை விரித்து எழுதுவதற்குக் காரணம், நம் பாடசாலையில் ஆண்டுதோறும் பொதுத் தேர்வுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன் இருக்கை காலியாகும் அவலமே. விசாரித்தால் பையன் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்பர். சென்ற சில ஆண்டுகளில் அவ்வாறு சென்ற மூவர் வீட்டுக்கு நாம் நேரில் போனோம். ஒருவனை மட்டுமே அழைத்துவர முடிந்தது. மற்ற இருவருடைய பயணக் கட்டணமும் அவர்கள் பையில் இருந்துவிட்டது!

பள்ளிப் படிப்பின் பிற்பகுதி பம்பாயில் நிகழ்ந்தது. குடும்பம் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழும் சால் எனப்படும் வரிசை வீடுகளில் ஒரே ஓர் அறையில் குடியேறியது. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே பீமராவின் படிப்பறையும். தட்டுமுட்டுச் சாமான்களும் விறகும் புகையும் நிறைந்த அவ்வறையில் ஒரு புறம் எந்திரக் கல் கிடந்தது, ஆடொன்றும் உடனிருந்தது. இருவர் ஒருங்கே நீட்டிப் படுக்கவும் இடம் போதாது. இந்நிலையில் தந்தை இராம்ஜி ஓர் ஒழுங்கு வகுத்தார். மாலையில் மகனைச் சீக்கிரமே உறங்க வைப்பார். தாம் விழித்திருப்பார். பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, மகன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். சால் முழுதும் அடங்கிக் கிடக்கும் அவ்வேளையில், கண்ணாடிக் கூண்டில்லாத மண்ணெண்ணெய் விளக்கின் சிறு சுடரில் பீமராவ் விடியுமளவும் படிப்பார். பிறகு சிறிது கண்ணயர்ந்து, எழுந்து பள்ளிக்குச் செல்வார்.

இதனைக் கேட்டுவிட்டு, அண்ணல் இரவெல்லாம் விழித்துப் படித்தார் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவ்வாறன்று. அவர் முதலில் உறங்கினார். உறக்கம் தெளிந்த மூளையோடு பின்னர் படித்தார். இரண்டும் வேறு வேறு. தேர்வு வந்துவிட்டால் தேநீரைக் குடித்துக்கொண்டு நள்ளிரவு கடந்தும் கண்ணெரியப் புத்தகத்தை வெறித்துப் பார்த்துவிட்டு, காலையில் தேர்வறையில் தலை கிறுகிறுத்து அமரும் மாணவர் நம்மிடையே பலர். அவர்கள் இராம்ஜியின் ஒழுங்கை உற்று நோக்குவாராக. நாள்தோறும் ஒரே நேரத்தில் உறக்கம். ஒரே நேரத்தில் எழுதல். எவரும் பேசாத மூன்று மணி நேரம். தேர்வு நெருங்கியபின் தொடங்கிய ஏற்பாடு அன்று அது. ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடு.

அத்தந்தையைப் பற்றி இன்னும் சிறிது கூறவேண்டும். பாடப் புத்தகத்துக்கு அப்பால் மகனுக்கு ஆங்கிலம் கைவரவேண்டுமென விரும்பி, தர்க்கட்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்களைத் தாமே அமர்ந்து கற்பித்தார். மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் நாள்தோறும் பெயர்த்தெழுதும் பயிற்சி அது. படிப்பது என்றால் வாயால் உருப்போடுவது என்று எண்ணும் நம் வழக்கத்துக்கு இது எவ்வளவு மாறானது! மகனுக்கோ புத்தக ஆசை எல்லை கடந்தது. ஓய்வூதியத்தில் வாழும் தந்தை கையில் பணமிராது. மணமாகிப் போன மகளிடம் ஓடுவார். அவளிடம் காசில்லையெனில் அவள் நகையொன்றைக் கேட்டு வாங்கி வட்டிக்கடையில் அடகு வைத்துப் புத்தகம் வாங்கிக் கொடுப்பார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார். அந்தச் சகோதரியரின் நகைகளும் அண்ணலின் கல்வியில் பங்குடையன என்பதை எவரும் எழுதுவதில்லை. நாமாவது எழுதி வைப்போம்.

வீட்டில் இடமில்லாத மாணவன் வெளியில் இடம் தேடிக்கொள்ளவேண்டும். பீமராவ் பள்ளி விட்டதும் சர்னி ரோடு பூங்காவுக்குச் சென்று அமர்ந்து படிப்பார். அங்கே நாள்தோறும் படிக்க வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர்; வில்சன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்; எழுத்தாளர். மற்றச் சிறுவர்கள் ஓடியாடும் வேளையில் இச்சிறுவர் மட்டும் நூலில் ஆழ்ந்திருப்பதைக் கண்டு அழைத்துப் பேசினார். என்ன படிக்கவேண்டும், எப்படிப் படிக்கவேண்டும் என்று வழிகாட்டி, தம் நூல்களையும் இரவல் தந்தார். பூங்காவின் ஒரு மூலையில் தினந்தோறும் அமர்ந்த பழக்கமே பின்னர் பரோடா மன்னரின் வாசலைத் திறந்தது என்றால் மிகையாகாது.

1907ஆம் ஆண்டு பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அவர் பெற்ற மதிப்பெண்கள் 750க்கு 282. நூற்றுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. இதனைப் பெற்றோர்கள் இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். தரவரிசையிலும் பரிசுப் பட்டியலிலும் இடம்பெறும் மதிப்பெண் அன்று அது. ஆயினும் அச்சமூகத்தில் ஒரு பிள்ளை அத்தேர்வில் தேறியதே அரிய நிகழ்ச்சி ஆதலால் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடத்தினர். எஸ்.கே. போலே தலைமை தாங்கினார். கேளுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவாகப் பெற்ற மாணவனுக்கு ஒரு கூட்டமும் ஒரு நூலும்! நம் ஊர்களில் அவ்வளவு பெற்றவனுக்குக் கிடைப்பது என்னவென்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் இன்டர் வகுப்புத் தேறியபின் பணமின்றிப் படிப்பு நிற்கும் நிலை வந்தது. கேளுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். பேராசிரியர் முல்லர் என்பார் நூல்களும் உடைகளும் தந்துதவினார். 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள், இரண்டு மணிக்கு எழுப்பிவிட்ட அத்தந்தை மறைந்தார். அவ்வாண்டு ஜூலையில் மீண்டும் கெய்க்வாட் மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மகன் காலடி வைத்தார்.

சாக்குத் துண்டு இல்லாத வகுப்பறையை அவர் கண்டது அங்கேதான். பட்டத்துக்குத் தேவையான அளவோடு நில்லாமல், பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5 எனப் பாடத் தொகுதிகளைத் தேர்ந்து பயின்றார். செலிக்மன், டூயி முதலான பேராசிரியர்களின் வகுப்புகளில் அமர்ந்தார். பட்டத்தைவிடப் பாடம் பெரிது என்ற மனநிலை அது. நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைத்தார் என்பர். ஓய்வு கிட்டும்போது பழைய புத்தகக் கடைகளில் திரிந்து, உணவுச் செலவைச் சுருக்கி ஏறத்தாழ 2000 நூல்கள் வாங்கினார் என்றும் கூறுவர். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் இந்தியாவின் சாதிகளைப் பற்றிய தம் ஆய்வுரையைக் கோல்டன்வைசரின் ஆய்வு வகுப்பில் படித்தார்.

அங்கிருந்து இலண்டன் சென்று இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் கல்விக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஓராண்டு முடிவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை மட்டும் கையில் பெற்றுக்கொண்டு 1917இல் நாடு திரும்பினார். நூல்கள் அடங்கிய சாமான்களை வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். முதல் உலகப் போர்க் காலமாதலால் அக்கப்பல் தாக்குண்டு மூழ்கிற்று. பரோடாவில் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டு ஒரு மரத்தடியில் அமர்ந்து அவர் கண்ணீர் விட்ட வரலாற்றை இங்கே விரிப்பதற்கில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். மாதச் சம்பளம் 450 ரூபாய். அக்காலத்தில் அது பெரிய தொகையே. ஆயினும் குடும்பம் அதே பரேலில், அதே எளிய வாழ்வில் இருந்தது. கையிலிருந்த நான்காண்டு அனுமதி அவர் நினைவைவிட்டு நீங்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோல்காப்பூர் சாகு மகாராசர் உதவினார். நண்பர் நவல் பதேனா 5000 ரூபாய் கடன் தந்தார். 1920 ஜூலையில் மீண்டும் கப்பலேறினார். துணைவியார் இரமாபாய் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கினார். மாணவன் ஒருவன் படிக்கிறான் என்றால் அவ்வீட்டில் இன்னொருவர் இரு மடங்கு உழைக்கிறார் என்று பொருள். இரமாபாய் 1935ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மறைந்தார். நம் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார்களைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு நமக்கு வருவதுண்டு.

இலண்டனில் அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது? விடுதியில் காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீரும். பேருந்துக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நடை. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே நுழையும் முதல் ஆட்களில் ஒருவர். மூடும்போது ஏவலர் வந்து எழுப்ப வெளியேறும் கடைசி ஆள். சட்டைப் பைகள் குறிப்புத் தாள்களால் புடைத்திருக்கும். நண்பகல் உணவு இல்லை. மாலையில் சிறிது நடந்துவிட்டு மற்ற நூலகங்களுக்குச் செல்வார். இரவு அறைக்குத் திரும்பிய பின்னும் படிப்பு. பசி மிகுந்தால் ஊர் நண்பர் அனுப்பிய அப்பளங்களைச் சுட்டு ஒரு கோப்பைப் பாலோடு உண்பார். அறையில் உடன் தங்கியிருந்த அஸ்னோடேகர், உறங்குமாறு பலமுறை வற்புறுத்தியும் பயனிருக்கவில்லை.

இப்பட்டினியைப் புகழ்ந்து எழுத நமக்கு மனமில்லை. உணவுக்கும் உறக்கத்துக்கும் காசும் காலமும் இல்லாதவர் வேறு வழியின்றிச் செய்தது அது. பரேலில் தந்தை வகுத்த ஒழுங்கே சிறந்தது. மாணவர்கள் அதனையே கொள்க. இலண்டனிலிருந்து கொள்ளத்தக்கது வேறொன்று. ரூபாயின் சிக்கலைப் பற்றி ஆராய்ந்தபோது, பிறர் எழுதிய சுருக்கங்களைக் கொண்டு அவர் நிறைவுறவில்லை. அரசு அறிக்கைகள், கணக்குகள், பழைய ஆணைகள் ஆகிய மூலங்களையே தேடிப் படித்துத் தம் கையால் குறிப்பெடுத்தார். தேர்வுக்கு வினா - விடைச் சுருக்க நூல்களை மட்டும் நம்பும் மாணவர்க்கு இதனைவிடச் சொல்லத்தக்கது வேறில்லை.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம், 1922இல் பாரிஸ்டர் தகுதி. அவ்வாண்டு அக்டோபரில் டி.எஸ்ஸி. பட்டத்துக்கு ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். 1923 மார்ச்சில் அது திருப்பியனுப்பப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை அதில் அவர் கடுமையாகச் சாடியிருந்தார். முடிவுகளை மாற்றாமல் எழுதும் முறையை மட்டும் திருத்தித் தருமாறு கூறினர். கையிலோ பணமில்லை. ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே ஆய்வேட்டைத் திருத்தி எழுதி ஆகஸ்டில் அனுப்பினார். நவம்பரில் பட்டம் வழங்கப்பட்டது. முதன்முறை திருப்பியனுப்பப்பட்ட அவ்வாராய்ச்சி அவ்வாண்டு இறுதியிலேயே பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையோடு நூலாக வெளிவந்தது. தேர்வில் தவறிய பிள்ளைகள் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க நாணி வீட்டினுள் ஒடுங்குகின்றனர். மூன்று கண்டங்களில் பயின்ற மாமேதையும் ஒருமுறை திரும்ப எழுதியவரே.

பின்னர் நிகழ்ந்தவை நாடறிந்தவை. மகாடு குளப் போராட்டமும், வட்டமேசை மாநாடுகளில் நம் இரட்டைமலை சீனிவாசனாரோடு இணைந்து ஆற்றிய பணியும், அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைமையும் வேறு கட்டுரைகளுக்கு உரியன. நம் பொருளுக்கு இயைந்தவை மூன்று மட்டும் கூறுவோம். அவர் வைசிராய் நிருவாகக் குழுவில் அமர்ந்திருந்தபோது, 1944இல், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு மெட்ரிகுலேஷனுக்குப் பிந்திய கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. நம் கழக மாணவர் எத்தனையோ பேரின் கல்லூரிக் கட்டணம் அவ்வழி வந்ததே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். பூங்காவில் அமர்ந்து படித்தவர் ஆதலால் தாதரில் தாம் கட்டிய இராஜகிருகம் என்னும் வீட்டை நூல்களுக்காகவே திட்டமிட்டார்.

வயது அறுபதைக் கடந்து, நீரிழிவாலும் கால்வலியாலும் கண் மங்கலாலும் நலிந்த காலத்திலும் படிப்பு நிற்கவில்லை. புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலைப் பல ஆண்டுகளாக எழுதித் திருத்தி வந்தார். 1956 டிசம்பர் 5ஆம் நாள் இரவு, தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், அந்நூலின் முன்னுரைப் படிகளைப் படுக்கையருகே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். இரவில் பார்த்துத் திருத்துவதாக எண்ணம். மறுநாள் காலை அவரை எழுப்பச் சென்றபோது உயிர் பிரிந்திருந்தது. தாள்கள் அருகில் இருந்தன.